பெங்களூரில் வளர்ந்த பொதிகணினித் தொழில்

டில்லியில் கரோல்பாகிலும், மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் வாழும் தமிழ்மக்கள், தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குச் சென்று, அட்டைத் தடுப்பின் மறைவில் நின்று, ஒரு நீலப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்புகிறார்கள். வேட்பாளரின் பெயர் நாகரியிலோ வங்க எழுத்திலோ இருக்கும். சின்னம் மட்டும் எல்லோருக்கும் பொது. பொத்தான் அழுந்தியதும் சிவப்பு விளக்கு எரியும். நீண்டதோர் ஓசை எழும். அவ்வோசையோடு நம் கடமை முடிந்தது என்று வெளியேறுகிறோம். அந்தப் பெட்டி எங்கே பிறந்தது, அதனுள் இருப்பது யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இந்நாட்டில் அவ்வியந்திரத்தைச் செய்பவை இரண்டே நிறுவனங்கள். இரண்டும் பொதுத்துறையைச் சேர்ந்தவை. ஒன்று ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம். மற்றது பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ்.

இத்தகைய இயந்திரத்தைப் பொறியாளர்கள் ‘எம்பெடட் சிஸ்டம்’ என்று அழைக்கிறார்கள். தமிழில் ‘உட்பொதி அமைப்பு’ என்று எழுதுவோர் உண்டு. ‘பொதிகணினி’ என்று சுருக்கிச் சொன்னாலும் பொருள் கெடாது என்பது நம் கருத்து. மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் கணினி இன்று கடிதம் எழுதும், நாளை கணக்குப் போடும், மறுநாள் பாட்டுப் பாடும். பொதிகணினி அப்படிப்பட்டதன்று. அது ஒரே வேலைக்கென்று பிறந்து, ஒரு பொருளுக்குள் பொதிந்து கிடப்பது. சலவை இயந்திரத்திலும், மின்சார மீட்டரிலும், காரிலும், நோயாளியின் மார்புக்குள் வைத்து இதயத்துடிப்பை ஒழுங்குசெய்யும் கருவியிலும் அது இருக்கிறது. பயன்படுத்துவோருக்கு அப்படியொன்று உள்ளே இருப்பதே தெரியாது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இருப்பது தெரியாமல் பணிசெய்யும் இத்தன்மை ஓரளவு பழக்கமானதே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரசிதழில் பிழை நேர்ந்தால் பின்னொரு நாள் திருத்தம் வெளியிடலாம். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதித்த ஆணைத்தொடரில் பிழை நேர்ந்து, பெட்டி காஷ்மீர் முதல் குமரி வரை போய்ச் சேர்ந்துவிட்டால், அதை அங்கே திருத்த வழியில்லை. இத்தொழிலின் கடுமை முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது. இதை நமக்கு எடுத்துரைத்தவர்கள், இக்கட்டுரைக்காக நாம் பெங்களூரில் சந்தித்து உரையாடிய தமிழ்ப் பொறியாளர்கள் மூவர். அவர்கள் சொன்னவற்றைப் பின்னர் சொல்வோம். முதலில் ஊரின் கதை.

பெங்களூருக்கு மின்னணுத்தொழில் திடீரென்று வந்துவிடவில்லை. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுக்கப்பட்டு, சுமார் 90 மைல் தொலைவு கம்பிவழி கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் பாடுபட்டோரில் மிகப்பலர் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிலிருந்து போன நம்மவரே. 1905இல் அதே மின்சாரம் பெங்களூரின் தெருவிளக்குகளை ஏற்றிற்று. 1909இல் நிறுவப்பெற்று 1911இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட இந்திய விஞ்ஞானக் கழகத்தில், தொடக்கத்திலேயே மின்தொழில்நுட்பத்திற்கு ஒரு துறை இருந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு முன்னாண்டாகிய 1946இல் மின் தகவல்தொடர்புக்கும் அங்கே தனித்துறை ஏற்பட்டது. ஆகவே வானொலிக் கலையைக் கற்ற இளைஞர்கள் இந்நகரில் முன்னதாகவே இருந்தார்கள். அவர்களுக்கு வேலை தரும் தொழிற்சாலைகள்தாம் பின்னால் வந்தன.

1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கிற்று. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயர். கன்னடத்தில் தொலைபேசியைத் ‘தூரவாணி’ என்பார்கள். அழகான சொல். 1954இல் ஜாலஹள்ளியில் பிரெஞ்சு நாட்டு நிறுவனமொன்றின் ஒத்துழைப்போடு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தோன்றியது. முதலில் தகவல்தொடர்புக் கருவிகள் சிலவற்றை மட்டும் செய்தார்கள். 1961இல் வானொலிப் பெட்டிக்குரிய வால்வுகளையும், 1962இல் ஜெர்மானியத்தால் ஆன குறைகடத்திப் பொருள்களையும் செய்யத் தொடங்கினார்கள். 1964இல் நமது வானொலி நிலையங்களுக்கு வேண்டிய ஒலிபரப்புக் கருவிகளும் அங்கிருந்து வந்தன. 1966இல் இராணுவத்திற்கு ராடார் செய்யும் பிரிவு அமைந்தது. இந்தப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினால், வால்வு, குறைகடத்தி, ராடார் என்று ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் கைகளைப் பழக்கியது புலனாகும்.

வெளியுலகில் 1971ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் ஜப்பானியக் கணக்கிடு கருவி ஒன்றிற்காகச் செய்த சில்லை ‘4004’ என்னும் எண்ணோடு பொதுச்சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினியின் மூளை ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டது. அதே நிறுவனம் 1980இல் வெளியிட்ட ‘8051’ என்னும் சில்லில், மூளையோடு நினைவகமும் வெளியுலகோடு பேசும் வாயில்களும் சேர்ந்தே இருந்தன. அதில் ஆணைகளை வைத்துக்கொள்ள இருந்த இடம் 4096 எழுத்தளவு. வேலை நடக்கும்போது குறித்துக்கொள்ள இருந்த இடம் வெறும் 128. இன்றைய முறையில் தமிழைக் கணினியில் எழுதினால், இக்கட்டுரையின் ஒரு பக்கம்கூட அந்த 4096இல் அடங்காது! அதற்குள் ஓர் இயந்திரத்தின் முழு நடத்தையையும் எழுதிவிட வேண்டும்.

அத்தகைய சிக்கனத்தை இந்தியர்கள் எப்படிக் கைக்கொண்டார்கள் என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1984 ஆகஸ்டில் நிறுவப்பெற்று, டில்லியிலும் பெங்களூரிலும் பணியாற்றிய ‘சி-டாட்’ என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தார், 128 இணைப்புகள் கொண்ட கிராமியத் தொலைபேசி நிலையம் ஒன்றை வடிவமைத்தார்கள். 1986இல் அது கித்தூரில் நிறுவப்பட்டது. மேனாட்டு நிலையங்களைப்போல் குளிர்சாதன அறை கேட்காமல், நம் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி நின்றது என்பதே அதன் பெருமை. வெளியூர் போன மகனோடு பேசுவதற்குத் தாய் பக்கத்து நகரம்வரை பஸ் ஏறிச் சென்ற காலம் அது. நேயர்களுள் பலருக்கு நினைவிருக்கும்.

வாக்கு இயந்திரத்தின் கதையும் இதே காலத்தது. 1977இல் தேர்தல் ஆணையத்தில் இவ்வெண்ணம் எழுந்து, ஐதராபாத் நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1979இல் மாதிரி தயாராயிற்று. 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகள்முன் அதை இயக்கிக் காட்டினார்கள். பின்னர்ப் பெங்களூர் நிறுவனமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 1982 மே 19 அன்று கேரளத்தின் பரூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரத்தின்வழி வாக்களித்தனர். சிவன் பிள்ளை என்பார் 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார்.

இவ்வழக்கு நம்போன்ற சொற்றொழிலாளர்க்கு மிகச் சுவையானது. இயந்திரம் தவறாக எண்ணிற்றா என்பதன்று உச்சநீதிமன்றத்தின் முன் நின்ற முதன்மையான வினா. சட்டம் ‘பாலட்’ என்ற முறையில் வாக்கெடுப்பு நடக்கவேண்டும் என்கிறது. அச்சொல்லில் இயந்திரம் அடங்குமா என்பதே வினா. 1984 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அடங்காது, சட்டமும் விதிகளும் கருதியது காகித வாக்குச்சீட்டையே, ஆணையம் தன் அதிகாரத்தால் சட்டத்தை மீறிச் செல்லலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. அந்த 50 சாவடிகளில் சீட்டுமுறையில் மறுவாக்கெடுப்பு நடந்து, ஜோஸ் வென்றார். ‘பாலட்’ என்ற ஆங்கிலச் சொல், சிறு உருண்டையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. உருண்டையைப் போட்டு வாக்களித்த காலம் ஒன்று இருந்தது. உருண்டை சீட்டாக மாறியபோது மறுக்காத சொல், சீட்டு பொத்தானாக மாறும்போது மட்டும் ஏன் மறுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. எனினும் தீர்ப்பு நேரியதே என்பது நம் எண்ணம். சொல்லின் பொருளை விரிப்பது பொறியாளரின் வேலையன்று. அது நாடாளுமன்றத்தின் வேலை. நாடாளுமன்றமும் 1988 டிசம்பரில் அதைச் செய்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-அ என்னும் புதிய பிரிவு சேர்ந்து, 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் செம்மையான இயந்திரம் ஒன்று, தனக்குரிய சொல் இன்றிக் காத்திருந்தது.

அதன்பின்னும் நடை மெதுவாகவே இருந்தது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், டில்லி ஆகிய மூன்றிலும் சேர்த்து 16 சட்டமன்றத் தொகுதிகளில் பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளுக்கும் பரவியது. பெட்டியின் வெளியுருவத்தை அமைத்தவர்கள் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்வடிவமைப்பு மையத்து ஆசிரியர்கள். எழுத்தறியாதவரும் தயங்காமல் அழுத்தக்கூடிய பொத்தானை அமைப்பது, உள்ளே சுற்றமைப்பதற்கு எளிதில் தாழ்ந்த வேலையன்று.

பெங்களூரில் இவ்வியந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்த்தவர்களுள் தமிழுலகம் நன்கறிந்த ஒருவர் இருந்தார். எஸ். ரங்கராஜன் என்றால் சிலருக்கு விளங்காது. எழுத்தாளர் சுஜாதா என்றால் விளங்காதவர் இல்லை. 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகமும், குரோம்பேட்டை தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியலும் கற்றவர். டில்லியில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். பகலில் தொழிற்சாலை, ஓய்வு நேரத்தில் எழுத்து என்று பிறமாநிலத்திலேயே தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த அவரும் நேயர்களைப்போன்ற ஒரு வெளிமாநிலத் தமிழரே. வாக்கு இயந்திரப் பணிக்காக ‘வாஸ்விக்’ விருது பெற்றார். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற கேள்வி-பதில் பகுதியில், சில்லு என்பது யாது, கணினி எப்படி எண்ணுகிறது என்பனவற்றைத் தேநீர்க்கடையில் பேசுவதுபோல் விளக்கினார். அவர் தமிழில் ஆங்கிலம் மிகுதி என்று குறைகூறியோர் இருந்தனர். இருக்கட்டும். சுற்றமைப்பை நேரில் கண்ட ஒருவர் சுற்றமைப்பைப் பற்றி எழுதியது தமிழுக்கு அரிதாய்க் கிடைத்த பேறு. 2008 பிப்ரவரி 27 அன்று அவர் காலமானார்.

இனி, நாம் சந்தித்த மூவரைப் பற்றி. முதலாமவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்றவர், அல்சூரில் வசிக்கிறார், டிப்ளமா படித்துவிட்டுச் சேலத்திலிருந்து ரயிலேறி வந்தவர். அக்காலத்தில் புதிதாகச் சேர்ந்த பையனை உடனே மேசையில் உட்காரவிடமாட்டார்களாம். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் இடத்திலும், சோதனைக் கூடத்திலும், கிடங்கிலும் மாற்றிமாற்றி நிறுத்திவைப்பார்கள். “சூடான பெட்டியில் வைப்போம், குளிர்ந்த பெட்டியில் வைப்போம், குலுக்குவோம். கருவி பழுதாவதைப் பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இங்கே பழுதாகாவிட்டால் ராஜஸ்தானத்து மணலில் பழுதாகும்; அங்கே போய்ப் பார்க்க நாங்கள் இருக்கமாட்டோமே, சார்!” என்றார்.

இரண்டாமவர் மதுரைப் பக்கத்துப் பெண்மணி. கார்களுக்குரிய கட்டுப்பாட்டுக் கருவிகளை வடிவமைக்கும் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறார். பெங்களூரின் ஆடுகோடியில் 1950களில் எழுந்த ‘மைக்கோ’ தொழிற்சாலையில், டீசலை அளந்து எஞ்சினுக்குள் செலுத்தும் பம்புகளைச் செய்தார்கள். அவற்றில் அளவைத் தீர்மானித்தது உருக்கைக் கடைந்து கொடுத்த வடிவம். இன்று எவ்வளவு டீசல், எக்கணத்தில் என்பதைத் தீர்மானிப்பது பொதிகணினி. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதிகளை, அது இல்லாமல் நிறைவேற்றவே முடியாது. கடைசல்காரர் கையிலிருந்த நுட்பம் ஆணைத்தொடர் எழுதுவோர் கைக்கு வந்துவிட்டது என்று இவர் விளக்கினார்.

பொதிகணினிக்குள் ‘வாட்ச்டாக்’ எனப்படும் சிறு கடிகாரம் உண்டென்பதையும் இவர்தான் சொன்னார். காவல்நாய் என்று பொருள். முதன்மை ஆணைத்தொடர் குறித்த நேரத்திற்குள் அதனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். தட்டத் தவறினால், ஆணைத்தொடர் எங்கோ சிக்கி நின்றுவிட்டது என்று கருதி, காவல்நாய் முழுவதையும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குள் பொறியாளர் இருப்பதில்லை. அவருக்குப் பதிலாக இந்த நாய் இருக்கிறது.

மூன்றாமவர் இளைஞர், சில்லுகளையே வடிவமைக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெங்களூர் அலுவலகத்தில் இருக்கிறார். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இங்கே தன் வடிவமைப்பு நிலையத்தைத் திறந்தது முதல், இத்தகைய அலுவலகங்கள் பெருகின. உலகெங்கும் விற்கும் சில்லுகளின் வரைபடம் பெங்களூரில் உருவாகிறது. வார்ப்பது மட்டும் பெரும்பாலும் வேற்று நாடுகளில். நம் வாக்கு இயந்திரத்தின் உட்சில்லும் வெளிநாட்டிலிருந்து வாங்கப்படுவதே. அதில் ஆணைத்தொடரைப் பதிப்பது இங்கே நடக்கிறது.

பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைக்கும் நேயர்கள் பலர் இருப்பீர்கள் என்பதால், இத்தொழிலில் சேர்வது நன்றா என்று மூவரையும் கேட்டோம். விடை ஒன்றாக இல்லை. தொடக்கச் சம்பளத்தில் மென்பொருள்துறை முந்தும் என்பதை இளைஞர் ஒளிக்காமல் சொன்னார். தம் வகுப்புத் தோழர்களில் பலர் மின்னணுவியல் பட்டம் பெற்றபின் சுற்றமைப்பைத் தொடாமலே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். மதுரைப் பெண்மணி, இங்கே அனுபவத்தின் விலை மெதுவாக ஏறுகிறது, ஆனால் எளிதில் இறங்குவதில்லை என்றார். ‘சி’ மொழியில் தெளிவாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். சில்லுக்குரிய விவரநூலைச் சலிப்பின்றிப் படிக்கவேண்டும். மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் முன் பொறுமையாக உட்காரவேண்டும். விவரநூல்கள் சில நூறு பக்கம், சில ஆயிரம் பக்கமும் போகும். தம்மிடம் வேலைகேட்டு வருவோரிடம் இவர் முதலில் கேட்பது மதிப்பெண் அன்று. சொந்தமாக ஏதாவது செய்து பழுதாக்கியதுண்டா என்பதாம். எஸ். பி. ரோட்டின் கடைகளில் மின்தடையும் மின்தேக்கியும் இன்றும் சில்லறையாகக் கிடைக்கின்றன. சனிக்கிழமைகளில் அங்கே போனால் முதுகில் பையோடு மாணவர் கூட்டத்தைக் காணலாம், நாமும் கண்டோம்.

ஓய்வுபெற்றவர் வேறொன்றைச் சொன்னார். தூரவாணி நகரின் கதை அது. ஒரு காலத்தில் நாட்டின் தொலைபேசிகளை வார்த்த இடம், 1991க்குப்பின் சந்தை திறந்துவிடப்பட்டு வெளியார் கருவிகள் வந்தபோது வேலையின்றித் தளர்ந்தது. அங்கே பழகிய கைகள் கலைந்துபோயின. “தொழிற்சாலையை மீண்டும் கட்டலாம். பத்தாண்டு ஒருவர் பக்கத்தில் நின்று கற்றதை எங்கே போய் வாங்குவது?” என்று கேட்டார். சந்தையைத் திறந்தது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். நம் கையிலிருக்கும் தொலைபேசியே அதன் பயன். ஆயினும் பெங்களூரில் இன்று பொதிகணினி வல்லுநர் மலிந்திருப்பதற்கு, அந்தப் பழைய கூடங்களின் பயிற்சி ஒரு காரணம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இனி, வாக்குப்பெட்டியின் மீதியிருக்கும் கதை. இயந்திரம் பரவியபின் ஐயங்களும் எழுந்தன. 2010இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர் சிலர், பழைய வகை இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை மாற்றமுடியும் என்று காட்டினார்கள். ஆணையம், தன் பாதுகாப்பு முறைகளைத் தாண்டி எவரும் இயந்திரத்தை நெருங்கமுடியாது என்று மறுத்தது. பொத்தானை அழுத்தியவர் தம் வாக்கைக் காகிதத்தில் கண்டுகொள்ள வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நொக்சென் தொகுதியில் அச்சுச்சீட்டுக் கருவி முதன்முதலாகப் பயன்பட்டது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், அவ்வாண்டு அக்டோபரில், நேர்மையான தேர்தலுக்கு இக்காகிதத் தடம் இன்றியமையாதது என்று உச்சநீதிமன்றம் கூறியது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அக்கருவி வைக்கப்பட்டது. சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து, பெட்டிக்குள் விழும். 1984இல் இயந்திரத்தை வெளியே நிறுத்திய காகிதம், முப்பதாண்டு கழித்து இயந்திரத்திற்குச் சாட்சியாகத் திரும்பி வந்தது.

சீட்டுமுறைக்கே மீளவேண்டும் என்ற மனுக்களை 2024 ஏப்ரல் 26 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் அத்துடன் விடவில்லை. சின்னங்களைக் கருவியில் ஏற்றப் பயன்படும் பெட்டிகளை, முடிவு அறிவித்தபின் 45 நாள் முத்திரையிட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. இரண்டாம், மூன்றாம் இடம்பெற்ற வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் உட்சில்லைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர்கள் அவற்றைச் செய்த நிறுவனங்களின் பொறியாளர்கள். செலவு கேட்டவரைச் சாரும். சில்லு மாற்றப்பட்டிருப்பது தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்.

அல்சூர்ப் பெரியவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தம் காலத்தில் மூடியை முடுக்கி முத்திரையிட்டதும் பெட்டியோடு தமக்கிருந்த உறவு முடிந்தது என்றும், இப்போது சேரும் பிள்ளைகள் தோற்ற வேட்பாளரின் முன்னால் அமர்ந்து அதைத் திறந்துகாட்ட வேண்டியிருக்கும் என்றும் சொல்லி, அந்தச் சோதனை எந்த அறையில் நடக்கும், மேசைமேல் என்னென்ன கருவிகள் வைப்பார்கள் என்று நம்மிடமே விசாரிக்கத் தொடங்கினார்.